அளவு விகித மாதிரி

அளவு விகித மாதிரி என்பது, ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கியோ பெருக்கியோ செய்யப்படும் உருவம் ஆகும். எந்தப் பொருளைப் பார்த்து மாதிரி செய்யப்படுகின்றதோ அது மூல உரு எனப்படும். மூல உருவைவிடச் சிறியதாக அமையும் மாதிரி சிற்றுரு எனப்படுகின்றது. விளையாட்டுப் பொருட்கள், பொழுதுபோக்கு, கட்டிடக்கலை, திரைப்படம், கப்பல் கட்டுதல், அணைப் பொறியியல் எனப் பல துறைகளில் இத்தகைய மாதிரிகள் பயன்படுகின்றன.

ஒரு பொருளின் வடிவத்தை எந்த விகிதத்திலும் சுருக்கலாம். ஆனால் அதன் எடை, அதன் மீது ஓடும் நீர், அது விழுவதற்கு ஆகும் நேரம், அதைப் பார்க்கும் கண்ணின் குவியம் ஆகியவை அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. சிற்றுருக்கள் மனிதரை ஈர்ப்பதற்கும், பொறியாளர்களுக்குப் பயன்படுவதற்கும், சில வேளைகளில் அவர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்வதற்கும் இந்த வேறுபாடே அடிப்படையாக உள்ளது. தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீரியல் ஆய்வு நிலையம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை, அத்திரம்பாக்கம் அகழாய்வுக் களம் ஆகிய இடங்கள் அளவு விகிதத்தின் வெவ்வேறு பயன்பாடுகளுக்கு எடுத்துக்காட்டுகளாக அமைகின்றன.

குறிக்கும் முறை

அளவு விகிதம் பொதுவாக 1:87, 1:35 என்பது போல எழுதப்படும். முதல் எண் மாதிரியையும் இரண்டாம் எண் மூல உருவையும் குறிக்கும். 1:100 என்ற விகிதத்தில் மாதிரியின் 1 சென்டிமீட்டர் மூல உருவின் 1 மீட்டருக்குச் சமம். இரண்டாம் எண் பெரிதாகப் பெரிதாக மாதிரி சிறிதாகும். நிலப்படங்களிலும் இதே முறை கையாளப்படுகின்றது. 1:50,000 நிலப்படத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர் ஆகும்.

பரப்பும் எடையும்

ஒரு பொருளின் நீளத்தைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் அதன் மேற்பரப்பு நூறில் ஒன்றாகவும், கனவளவு ஆயிரத்தில் ஒன்றாகவும் குறையும். பரப்பு நீளத்தின் இருமடியையும், கனவளவு நீளத்தின் மும்மடியையும் பின்பற்றுவதே இதற்குக் காரணம். இதன் விளைவுகளைக் கலிலியோ 1638 ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் விளக்கினார். ஒரு தூணின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பையும், அது தாங்கும் எடை கனவளவையும் சார்ந்தவை. எனவே சிறிய மாதிரியில் உறுதியாக நிற்கும் ஓர் அமைப்பு, அதே விகிதத்தில் பெரிதாக்கப்பட்டால் தன் எடையைத் தாங்காமல் உடையக்கூடும்.

ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்ட அஜேயா பீரங்கி வண்டியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதன் உடற்பகுதியின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர், எடை ஏறத்தாழ 41 டன். இதை 1:35 அளவில் செய்தால் உடற்பகுதி 20 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதே உலோகங்களைக் கொண்டு அதே தடிமன் விகிதத்தில் செய்தாலும் மாதிரியின் எடை 1 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். நீளம் 35 இல் ஒன்றாகக் குறையும்போது எடை 42,875 இல் ஒன்றாகக் குறைகின்றது. சிற்றுருவைக் கையில் எடுப்பவர் உணரும் வியப்பில் இந்த எண்ணுக்கும் பங்கு உண்டு. கண் பீரங்கி வண்டியைக் காண்கின்றது, கை ஒரு பொம்மையை உணர்கின்றது.

பொழுதுபோக்கு மாதிரிகள்

பொழுதுபோக்குக்காக மாதிரி செய்வோரிடையே சில அளவு விகிதங்கள் நிலைபெற்றுள்ளன.

- 1:12 – பொம்மை வீடுகள். மூல உருவின் 1 அடி மாதிரியில் 1 அங்குலம்.
- 1:24 – மகிழுந்துகள்
- 1:35 – பீரங்கி வண்டிகள், படைவீரர் உருவங்கள்
- 1:48, 1:72 – வானூர்திகள்
- 1:87 – தொடர்வண்டிகள் (எச்.ஓ. அளவு)
- 1:160 – சிறிய தொடர்வண்டிகள் (என் அளவு)

இவற்றுள் சில திட்டமிட்டுத் தோன்றியவை அல்ல. 1:35 என்ற விகிதம், சப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட பீரங்கி வண்டி மாதிரியிலிருந்து பரவியது. உள்ளே மின்னோடியும் மின்கலங்களும் வைப்பதற்குத் தேவைப்பட்ட இடமே அந்த மாதிரியின் அளவைத் தீர்மானித்தது. பின்னர் வந்த நிறுவனங்களும் அதே விகிதத்தைப் பின்பற்றின.

இந்தியத் தொடர்வண்டிகளை மாதிரியாகச் செய்வோர் ஒரு தனிச் சிக்கலை எதிர்கொள்கின்றனர். எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். இது 1,435 மில்லிமீட்டர் அகலம் கொண்ட ஐரோப்பியத் தண்டவாளத்தை 1:87 இல் சுருக்கியது. சென்னை–கும்மிடிப்பூண்டி–கூடூர் வழித்தடம் உள்ளிட்ட இந்திய அகலப் பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். இதே விகிதத்தில் அது 19.3 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் தண்டவாளத்தைப் பயன்படுத்துவோர் பெட்டியைச் சரியான அளவில் செய்தாலும், பாதை மூல உருவில் 24 சென்டிமீட்டர் குறுகிவிட்டதற்கு ஒப்பாகின்றது. இந்திய வண்டிகளை நன்கு அறிந்தவர் அளக்காமலேயே இக்குறையை உணர்வதுண்டு.

தொலைவும் மற்றொரு சிக்கல் ஆகும். சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி 45 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. இதை 1:87 இல் முழுமையாக அமைக்க அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கூடம் வேண்டும். எனவே வண்டிகளை விகிதப்படியும், நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவை மிகவும் குறைத்தும் அமைப்பது வழக்கம். பார்ப்பவர் வண்டியின் அளவைக் கூர்ந்து நோக்குவதால் தொலைவின் குறையைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

வார்ப்பாலை அச்சுருக்கள்

எல்லா மாதிரிகளும் மூல உருவைவிடச் சிறியவை அல்ல. வார்ப்பாலைகளில் மணல் அச்சு எடுக்கப் பயன்படும் பேட்டர்ன் எனப்படும் அச்சுரு, வார்க்க வேண்டிய பொருளைவிடச் சற்றுப் பெரியதாகச் செய்யப்படுகின்றது. உருகிய உலோகம் இறுகிக் குளிரும்போது சுருங்குவதே இதற்குக் காரணம். வார்ப்பிரும்புக்கு ஏறத்தாழ 1 விழுக்காடும், உருக்குக்கு ஏறத்தாழ 2 விழுக்காடும் கூட்டப்படும். 1 மீட்டர் நீள உருக்குப் பொருளுக்கு அச்சுரு ஏறத்தாழ 102 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.

ஒவ்வோர் அளவையும் கணக்கிட்டுக் கூட்டுவதைத் தவிர்க்க, அச்சுரு செய்வோர் சுருக்க அளவுகோல் என்ற கருவியைப் பயன்படுத்தி வந்துள்ளனர். இதில் 1 மீட்டர் என்று குறிக்கப்பட்டிருப்பது உண்மையில் 1 மீட்டரைவிடச் சற்று நீளமானது. இரும்பு, உருக்கு ஆலைகள் மிகுந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் வார்ப்புப் பொருட்களைக் கையாள்வோர்க்கு இந்தச் சிறிய விகிதம் அன்றாடத் தேவை. கண்ணுக்குத் தெரியாத 2 விழுக்காட்டு வேறுபாடு, கடைசலுக்குப் பின் பொருள் பொருந்துமா பொருந்தாதா என்பதைத் தீர்மானிக்கின்றது.

நீரியல் மாதிரிகள்

அணை, மதகு, ஆறு, துறைமுகம் ஆகியவற்றைக் கட்டுவதற்கு முன் அவற்றின் சிறிய மாதிரியில் நீரை ஓடவிட்டுச் சோதிப்பது நீரியல் மாதிரி ஆய்வு எனப்படும். இங்கே வடிவத்தைச் சுருக்கினால் மட்டும் போதாது. நீரின் வேகத்தையும் அளவையும் எவ்வளவு சுருக்குவது என்ற கேள்வி எழுகின்றது.

பிரித்தானியப் பொறியாளர் வில்லியம் புரூட் 1870களில் கப்பல் மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்து ஆராய்ந்தபோது இதற்கான விதியை நிறுவினார். புவியீர்ப்பினால் இயங்கும் ஓட்டத்தில் வேகமும் நேரமும் நீள விகிதத்தின் இருமடி மூலத்தின்படி மாறுகின்றன. எடுத்துக்காட்டாக 1:36 அளவில் ஓர் அணை மாதிரி செய்யப்பட்டால் அதன் அளவுகள் பின்வருமாறு அமையும்.

- உயரம்: 36 இல் ஒன்று
- நீரின் வேகம்: 6 இல் ஒன்று
- நேரம்: 6 இல் ஒன்று
- வினாடிக்கு ஓடும் நீரின் அளவு: 7,776 இல் ஒன்று

வினாடிக்கு 1,00,000 கன அடி வெள்ளத்தை இந்த மாதிரியில் காட்ட வினாடிக்கு 13 கன அடிக்கும் குறைவான நீர் போதும். 12 மணி நேர வெள்ளம் மாதிரியில் 2 மணி நேரத்தில் நிகழ்ந்து முடிந்துவிடும்.

பூண்டி

திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 1944 இல் நிறைவடைந்தது. சென்னை நகரத் தந்தையாக இருந்த சத்தியமூர்த்தியின் பெயரால் இது சத்தியமூர்த்தி சாகர் எனவும் அழைக்கப்படுகின்றது. இதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றான இந்நீர்த்தேக்கத்தின் அருகில் 1940களில் ஒரு பாசன ஆய்வு நிலையம் அமைக்கப்பட்டது. பின்னர் இது தமிழ்நாடு அரசின் நீரியல் ஆய்வு நிறுவனமாக வளர்ந்தது. அணைகளின் உபரிநீர்ப் போக்கிகள், ஆற்றுக் கரைகள், கடலரிப்புத் தடுப்புகள் முதலியவற்றின் மாதிரிகள் இங்கு ஆராயப்பட்டு வந்துள்ளன. அனைத்திந்திய அளவில் இத்தகைய ஆய்வுக்கு முன்னோடியாக விளங்குவது, 1916 இல் தொடங்கப்பட்டு, புனே அருகிலுள்ள கடக்வாசலாவில் அமைந்துள்ள நடுவண் ஆய்வு நிலையம் ஆகும்.

இவ்வாய்வுகளில் தவறு நேர்ந்தால் அதன் விளைவு பெரிது. உபரிநீர்ப் போக்கி எதிர்பார்த்த அளவு வெள்ளத்தை வெளியேற்றாவிட்டால் நீர் அணையின் மேல் வழியக்கூடும். மண் அணை எனில் அது அரித்துச் செல்லப்படலாம். வெளியேறும் நீரின் விசையைத் தணிக்கும் அமைப்பு போதாவிட்டால் அணையின் அடிப்புறம் தோண்டப்படும். பூண்டியிலிருந்து திறக்கப்படும் நீர் கொசஸ்தலை வழியே பல ஊர்களைக் கடந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலை அடைகின்றது. இந்த ஆற்றின் கரையில் வாழ்வோர்க்கு வெள்ளக் கணக்கின் துல்லியம் உயிர் தொடர்பான செய்தி ஆகும்.

சுருங்க மறுப்பவை

நீரின் பரப்பு இழுவிசையும் பிசுபிசுப்பும் மாதிரியில் சுருங்குவதில்லை. மாதிரியில் ஓடும் நீரும் ஆற்றில் ஓடும் அதே நீர்தான். மாதிரியில் நீரின் ஆழம் சில சென்டிமீட்டருக்குக் குறைந்தால் இவ்விசைகள் ஓங்கி, முடிவுகள் பிழையாகும். பெரிய அணையில் நீர் காற்றைக் கலந்துகொண்டு வெண்ணுரையாகப் பாயும். சிறிய மாதிரியில் அந்த அளவுக்குக் காற்று கலப்பதில்லை. ஆற்று மணலை விகிதப்படி சுருக்கினால் அது களிமண் போலாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே மணலுக்குப் பதிலாக நிலக்கரித் தூள், மரத்தூள் போன்ற எடை குறைந்த பொருட்கள் பயன்படுத்தப்படுவதுண்டு. இத்தகைய பிழைகள் அளவு விளைவுகள் எனப்படுகின்றன.

நீண்ட ஆறுகளையும் கழிமுகங்களையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் நீரின் ஆழம் படலம் போலாகிவிடும். எனவே உயரத்தை மட்டும் குறைவாகச் சுருக்கும் உருத்திரிந்த மாதிரிகள் செய்யப்படுகின்றன. ஆசுபோர்ன் ரெனால்ட்சு 1885 இல் இங்கிலாந்தின் மெர்சி கழிமுகத்துக்கு இவ்வாறு ஒரு மாதிரி அமைத்தார். ஐக்கிய அமெரிக்காவில் 1943 இல் தொடங்கிக் கட்டப்பட்ட மிசிசிப்பி ஆற்றுப்படுகை மாதிரி, கிடைமட்டத்தில் 1:2000 ஆகவும் உயரத்தில் 1:100 ஆகவும் ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் அமைந்தது. இவற்றில் குன்றுகள் மிகைப்பட்ட செங்குத்தாகத் தோன்றும். கண்ணுக்குப் பொய்யான வடிவம் நீருக்கு உண்மையாக அமைகின்றது.

ஒளிப்படத்தில் அளவு

ஒளிப்படம் ஒரு பொருளின் வடிவத்தைக் காட்டும். அதன் அளவைத் தானாகக் காட்டுவதில்லை. இதனால்தான் தொல்லியல் ஒளிப்படங்களில் கறுப்பு, வெள்ளைக் கட்டங்கள் கொண்ட அளவுகோல் பொருளின் அருகில் வைக்கப்படுகின்றது. பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863 இல் இராபர்ட் புரூசு பூட், வில்லியம் கிங் ஆகியோர் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தனர். 1999 முதல் சாந்தி பப்பு தலைமையில் நடந்த அகழாய்வுகளின் அடிப்படையில், இங்குள்ள கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் எனவும் (2011), இடைப் பழைய கற்காலப் பண்பாட்டின் தொடக்கம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகள் முற்பட்டது எனவும் (2018) வெளியிடப்பட்டது. பெரிய கைக்கோடரிகளுக்குப் பதிலாகச் சிறிய செதில் கருவிகள் மிகுவது இந்த மாற்றத்தின் கூறுகளுள் ஒன்று. அளவுகோல் இல்லாத படத்தில் கையளவு கோடரியும் விரலளவு செதிலும் ஒரே அளவினவாகத் தோன்றி இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

புல ஆழம்

கருவி மிக அருகிலுள்ள பொருளைப் படம்பிடிக்கும்போது குறைந்த ஆழத்துக்குள் உள்ள பகுதி மட்டுமே தெளிவாக விழும். இந்த ஆழம் புல ஆழம் எனப்படும். 1:87 மாதிரியை 50 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து படம்பிடிப்பது, மூல உருவை 43 மீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து காண்பதற்கு ஒப்பானது. 43 மீட்டருக்கு அப்பால் உள்ளவை மனிதக் கண்ணுக்கு ஏறத்தாழ எல்லாமே தெளிவாகத் தெரியும். மாதிரியின் படத்திலோ முன்புறமும் பின்புறமும் மங்கிவிடுகின்றன. இம்மங்கலே அது மாதிரி என்பதைக் காட்டிக்கொடுக்கின்றது. இதைக் குறைக்க வில்லையின் துளையைச் சிறிதாக்குவதும், வெவ்வேறு குவியங்களில் எடுத்த படங்களை இணைப்பதும் வழக்கம். பார்வை உயரமும் முதன்மையானது. நிற்கும் மனிதரின் கண் உயரம் 1:87 இல் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. கருவியை அந்த உயரத்துக்கு இறக்கினால்தான் மாதிரி ஊருக்குள் நிற்பது போன்ற தோற்றம் கிடைக்கும்.

இதன் எதிர்த்திசையும் உண்டு. வில்லையைச் சாய்த்து, உண்மையான நகரத்தின் படத்தில் ஒரு பட்டை மட்டும் தெளிவாக அமையுமாறு எடுத்தால் அந்நகரம் பொம்மை நகரம் போலத் தோன்றும். சாய்ந்த வில்லையின் குவிய விதி, ஆசுத்திரியரான தியோடர் சைம்ப்புளூக் 1904 இல் பெற்ற காப்புரிமையால் அவர் பெயரில் வழங்குகின்றது. மங்கலின் அளவைக் கொண்டு மூளை தொலைவையும் உருவளவையும் கணிப்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது.

திரைப்படத்தில் நேரம்

20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையை அடைய ஏறத்தாழ 2 வினாடி ஆகும். 1:16 மாதிரியில் அதே உயரம் 1.25 மீட்டர்; விழும் நேரம் அரை வினாடி. நேரம் நான்கில் ஒன்றாகவே குறைகின்றது. ஆகவே வினாடிக்கு 24 படங்களுக்குப் பதில் 96 படங்களாக எடுத்து, வழக்கமான வேகத்தில் ஓட்டினால் சிறிய கட்டிடம் பெரிய கட்டிடம் போலச் சரியும். பூண்டியில் வெள்ளத்தின் நேரத்தைக் கணக்கிட உதவும் அதே இருமடி மூல விதியே படப்பிடிப்புத் தளத்திலும் பயன்படுகின்றது. எனினும் நீர்த்துளிகளும் தீச்சுடரும் இவ்விதிக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. சென்னையில் உருவாகி 1957 இல் தமிழிலும் தெலுங்கிலும் வெளியான மாயாபஜார் திரைப்படத்தில் துவாரகை நகரம் சிற்றுருவாக அமைக்கப்பட்டு, மார்க்கசு பார்ட்லியின் ஒளிப்பதிவில் மின்விளக்குகள் ஒளிரும் நகரமாகக் காட்டப்பட்டது.

தமிழ்க் கலை மரபில்

தமிழ்ப் பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் ஆண்பால் பருவங்களின் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என அமைந்துள்ளன. வீடு, பறை, தேர் ஆகியவற்றின் சிறு வடிவங்களோடு தொடர்புடைய குழந்தை விளையாட்டுகள் இலக்கியத்தில் இடம்பெற்றதை இது காட்டுகின்றது. அடுக்களைப் பாத்திரங்களின் சிறு வடிவமான சொப்புச் சாமான்கள் இம்மரபின் தொடர்ச்சி எனலாம்.

கோயில் கட்டிடக்கலையில் சிற்றுரு ஓர் அடிப்படை உறுப்பு ஆகும். விமானத்தின் ஒவ்வொரு தளத்திலும் மூலைகளில் கூடம், நடுவில் சாலை, இடையில் பஞ்சரம் என்னும் சிறு கோயில் வடிவங்கள் வரிசையாக அமைக்கப்படும். 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாமல்லபுரம் ஒற்றைக்கல் இரதங்களில் இதைத் தெளிவாகக் காணலாம். திரௌபதி இரதம் கூட வடிவிலும், பீம இரதம் சாலை வடிவிலும் அமைந்துள்ளன. அவ்விரு வடிவங்களும் சிறிதாகி, அருகிலுள்ள தருமராச இரதத்தின் தளங்களில் இடம்பெறுகின்றன. 1010 இல் நிறைவடைந்த தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தில் இவ்வுறுப்புகள் தளத்துக்குத் தளம் மேலேறிச் செல்கின்றன.

நவராத்திரிக் கொலுவில் ஒரே அளவு விகிதம் பின்பற்றப்படுவதில்லை. செட்டியார் பொம்மை அருகிலுள்ள கோயிலைவிடப் பெரிதாக இருக்கலாம். இங்கே உருவளவு, தொலைவையோ உண்மையான உயரத்தையோ குறிக்காமல் பெரும்பாலும் சிறப்பைக் குறிப்பதால் இந்த முரண் காண்போரை உறுத்துவதில்லை.

ஈர்ப்புக்கான காரணங்கள்

சிற்றுருக்கள் ஏன் ஈர்க்கின்றன என்பதற்குப் பல விளக்கங்கள் தரப்பட்டுள்ளன. பிரெஞ்சு மானிடவியலாளர் குளோட் இலெவி-இசுட்ராசு 1962 இல் வெளியிட்ட நூலில், பெரிய பொருளைப் பகுதி பகுதியாக அறிந்தே முழுமையை அடைகின்றோம், சிற்றுருவில் முழுமை முதலில் கிடைக்கின்றது என்ற கருத்தை முன்வைத்தார். ஆல்டன் டிலாங் 1981 இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய அறை மாதிரிக்குள் தம்மைக் கற்பனை செய்துகொண்டவர்கள் உண்மையில் கடந்ததைவிட மிகுதியான நேரம் கடந்ததாக உணர்ந்தனர் என்றும், மாதிரி சிறிதாகும்தோறும் இவ்விளைவு மிகுந்தது என்றும் தெரிவித்தார்.

துல்லியம் மற்றொரு காரணம். புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்சு பிரித்தானிய அரசி மேரிக்காக வடிவமைத்து 1924 இல் நிறைவடைந்த 1:12 பொம்மை வீட்டில் மின்விளக்கும், குழாய்களில் நீரும், படிக்கத்தக்க சிறு நூல்களும் உள்ளன. மாதிரியின் விகிதம் எவ்வளவு உறுதியாகக் கடைப்பிடிக்கப்படுகின்றதோ, அவ்வளவு எளிதாகக் காண்பவர் தம்மை அதற்குள் பொருத்திப் பார்க்க முடிகின்றது. அத்தகைய வீட்டிலும் 4 மில்லிமீட்டர் நீர்த்துளி, அந்த வீட்டின் அளவில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் துளியாகத் தோன்றும். பூண்டியின் பொறியாளருக்கும் பொம்மை வீடு செய்பவருக்கும் நீர் ஒரே எல்லையை வகுக்கின்றது. அந்த எல்லை எங்குள்ளது என்பதை அறிந்து, பிழையைக் கணக்கில் கொள்வதோ மறைப்பதோ இக்கலையின் திறன் ஆகும்.

இவற்றையும் பார்க்க

- வடிவொப்புமை
- நிலப்பட அளவுத்திட்டம்
- பூண்டி நீர்த்தேக்கம்
- கொசஸ்தலை ஆறு
- அத்திரம்பாக்கம்
- மாமல்லபுரம்
- கொலு